எரியாத திரவம் இருந்தால் போதுமா? லித்தியம்-அயான் பேட்டரி ஆய்வு: வாசகர் கேள்விகளும் விடைகளும்

லித்தியம்-அயான் பேட்டரியின் பாதுகாப்பைப் பற்றியும், அத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்வதைப் பற்றியும் வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பேட்டரி தீப்பற்றும்போது அதனுள்ளே உண்மையில் என்ன நடக்கிறது? லித்தியம் உலோகம்தான் எரிகிறதா? (பள்ளி ஆசிரியை ஒருவர்)

நல்ல நிலையில் உள்ள லித்தியம்-அயான் மின்கலத்துக்குள் லித்தியம் உலோகமாக இருப்பதில்லை. எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவிலும், நேர்முனையில் உள்ள உலோக ஆக்சைடின் படிகத்துக்குள்ளும் அது அயனியாகத் தங்கியிருக்கிறது. ஆகவே முதலில் எரிவது லித்தியம் அன்று; அந்த அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல உதவும் திரவம்தான். எத்திலீன் கார்பனேட், டைமெத்தில் கார்பனேட் போன்ற கரிமக் கரைப்பான்களில் லித்தியம் ஹெக்ஸாஃப்ளுரோபாஸ்பேட் என்னும் உப்பைக் கரைத்து அந்த மின்பகுளியைத் தயாரிக்கிறார்கள். இவற்றுள் டைமெத்தில் கார்பனேட்டின் ஆவி, ஏறத்தாழ 18 டிகிரி செல்சியஸிலேயே பொறி பட்டால் பற்றிக்கொள்ளக்கூடியது.

வெளியே தீ தெரிவதற்கு முன்பே உள்ளே பல வினைகள் நடந்து முடிந்திருக்கும். கிராஃபைட்டின் மேல், முதல் சில மின்னேற்றங்களின்போதே மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகிறது. திரவமும் மின்னேறிய கிராஃபைட்டும் நேரடியாக வினைபுரியாமல் தடுப்பது அதுவே. ஏதோ ஒரு காரணத்தால் மின்கலம் சூடாகி 80 முதல் 120 டிகிரி வரை சென்றால் அந்தப் படலம் சிதையத் தொடங்கும்; சிதையும்போதே வெப்பத்தையும் வெளியிடும். ஏறத்தாழ 130 டிகிரியில், இரு முனைகளையும் பிரித்து வைக்கும் செபரேட்டர் என்னும் பாலிஎத்திலீன் படலம் உருகும். அது சுருங்கிக் கிழிந்தால் முனைகள் ஒன்றையொன்று தொட்டு உட்குறுக்குச்சுற்று ஏற்படும். 200 டிகிரியை ஒட்டி, நேர்முனையின் ஆக்சைடு தன்னிடமுள்ள ஆக்சிஜனை வெளிவிடத் தொடங்கும். எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் மூன்றும் மூடிய உறைக்குள்ளேயே கிடைத்துவிடுவதால், வெளிக்காற்றைத் தடுத்து மட்டும் இதை நிறுத்த இயலாது. ஒவ்வொரு படியில் பிறக்கும் வெப்பமும் அடுத்த படியைத் தூண்டுவதால் வினையின் வேகம் கட்டுமீறிப் பெருகுகிறது. துறையினர் இதனைத் தெர்மல் ரன்அவே என்பர். மேலே சொன்ன வெப்பநிலைகள் மின்கலத்தின் வகைக்கும் வயதுக்கும் ஏற்ப முன்பின் ஆகலாம். வரிசை பெரும்பாலும் இதுதான். ஆனால் இந்த வரிசையிலும் ஒரு விதிவிலக்கு உண்டு; அதைக் கீழே மூன்றாம் கேள்வியில் காண்க.

கேள்வி: 1991இலேயே சந்தைக்கு வந்துவிட்ட பொருளுக்கு இன்னும் பாதுகாப்பு ஆய்வு எதற்கு? நிறுவனங்கள் இதையெல்லாம் எப்போதோ தீர்த்திருக்க மாட்டார்களா? (பொறியாளர் ஒருவர்)

இந்தப் பேட்டரி பிறந்ததே ஒரு பாதுகாப்புச் சிக்கலுக்கு விடையாகத்தான். 1970களில் ஸ்டான்லி விட்டிங்காம் உருவாக்கிய மின்கலத்தில் எதிர்முனை லித்தியம் உலோகத்தால் ஆனது. மீண்டும் மீண்டும் மின்னேற்றும்போது அதன்மேல் லித்தியம் சீராகப் படியாமல் ஊசி ஊசியாக வளர்ந்து மறுமுனையைத் தொட்டுவிடும். 1980இல் ஜான் குட்இனஃப் குழுவினர் கோபால்ட் ஆக்சைடு நேர்முனையைக் கண்டறிந்தனர். 1985இல் அகிரா யோஷினோ எதிர்முனையில் உலோகத்தை விட்டுவிட்டுக் கார்பன் பொருளைப் பயன்படுத்தினார். அவர் அந்த மின்கலத்தின்மேல் கனமான இரும்பு எடையை விழச் செய்து அது வெடிக்காததைச் சரிபார்த்தார் என்பது, இத்துறையினர் இன்றும் விரும்பிச் சொல்லும் செய்தி. சோனி நிறுவனம் 1991இல் அதை வணிகப் பொருளாக்கியது. 2019இல் மூவரும் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அதன் பின்னர் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அதே அளவு மின்கலத்தில் மேலும் மேலும் ஆற்றலை அடைக்க வேண்டும் என்பதற்காக, 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் இருந்த செபரேட்டரை ஏறத்தாழ 10 மைக்ரானுக்குக் குறைத்தார்கள். நேர்முனையில் கோபால்ட்டைக் குறைத்து நிக்கலைக் கூட்டினார்கள். நிக்கல் கூடக் கூட ஆக்சைடு ஆக்சிஜனை விடும் வெப்பநிலை இறங்குகிறது. ஆய்வாளர்கள் ஒரு பக்கம் சேர்க்கும் பாதுகாப்பை மறுபக்கம் ஆற்றல் வேட்கை செலவழித்துக்கொண்டே வந்திருக்கிறது என்பது என் கருத்து.

2006இல் நுண்ணிய உலோகத் துகள்கள் உள்ளே கலந்ததால் மடிக்கணினிப் பேட்டரிகள் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டன. 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்கள் பேட்டரிக் கோளாறால் உலகெங்கும் தரையிறக்கி நிறுத்தப்பட்டன. 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 கைப்பேசியில், முதலில் வந்த பேட்டரியின் மூலையில் எதிர்முனைத் தகடு வளைந்திருந்தது குற்றமாயிற்று; அதற்கு மாற்றாகத் தந்த பேட்டரியில் பற்றவைப்பின்போது ஏற்பட்ட கூரிய உலோகப் பிசிறு குற்றமாயிற்று. புத்தகத்தில் உள்ள வேதியியல் எவ்வளவு சரியாக இருந்தாலும், மைக்ரான் அளவிலான ஒரு பிசிறு அதைப் பொய்யாக்கிவிடும். எனவே ஆய்வு முடிந்துவிட்டதாகக் கருத இடமில்லை.

கேள்வி: தீப்பற்றாத மின்பகுளியைக் கண்டுபிடித்துவிட்டால் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடும் அல்லவா? என் ஆய்வுத் தலைப்பாக அதையே எடுக்க எண்ணியுள்ளேன். (முதுகலை வேதியியல் மாணவி ஒருவர்)

தலைப்பை எடுங்கள், ஆனால் 'தீர்ந்துவிடும்' என்ற எதிர்பார்ப்பை முன்னுரையிலேயே எழுதிவிடாதீர்கள். இந்த வழியில் பலர் நெடுந்தொலைவு சென்றிருக்கிறார்கள், அவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

தீயணைக்கும் தன்மையுள்ள பாஸ்பேட் சேர்மங்களை, எடுத்துக்காட்டாக டிரைமெத்தில் பாஸ்பேட்டை, மின்பகுளியில் கலப்பது பழைய யோசனை. சிறிதளவு கலந்தால் தீ அணைவதில்லை. அணையும் அளவுக்குக் கலந்தால், அந்த மூலக்கூறுகள் லித்தியத்தோடு சேர்ந்து கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைந்து அவற்றை உரித்துவிடுகின்றன. டோக்கியோ பல்கலைக்கழகக் குழு ஒன்று இதற்கு வேறு வழி கண்டது. உப்பின் செறிவை வழக்கத்தைவிடப் பல மடங்கு கூட்டினால் கட்டற்ற கரைப்பான் மூலக்கூறுகள் குறைந்துவிடும், காப்புப் படலமும் கரைப்பானிலிருந்து உருவாகாமல் உப்பின் எதிரயனியிலிருந்து (எதிர் மின்சுமை கொண்ட பகுதியிலிருந்து) உருவாகும், கிராஃபைட் தப்பிக்கும். அந்தத் திரவம் தீப்பற்றாதது மட்டுமன்றித் தீயை அணைக்கவும் வல்லது. ஆனால் அது பிசுபிசுப்பானது, விலை உயர்ந்தது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளியான ஆய்வு மற்றொரு பாதையில் சென்றது. தீயணைப்புச் சேர்மமான டிரைஃபினைல் பாஸ்பேட்டை நுண்ணிழைகளின் உள்ளே பூட்டி, அந்த இழைகளாலேயே செபரேட்டரை நெய்தார்கள். சாதாரண நேரத்தில் அது மின்பகுளியோடு கலப்பதில்லை. மின்கலம் சூடேறி இழையின் மேலுறை உருகும்போதுதான் வெளிப்படுகிறது. தேவைப்படும்போது மட்டும் வேலை செய்யட்டும் என்னும் இந்தச் சிந்தனை எனக்கு மிகவும் பிடித்தமானது. செயல்திறனுக்கும் பாதுகாப்புக்கும் உள்ள முரண்பாட்டை அது பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறது.

இனி, முன்பே குறிப்பிட்ட விதிவிலக்குக்கு வருவோம். சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு 2018இல், செபரேட்டர் உருகாமல், உட்குறுக்குச்சுற்றே ஏற்படாமல், ஒரு மின்கலம் தெர்மல் ரன்அவே நிலைக்குச் செல்ல முடியும் எனக் காட்டியது. நேர்முனை வெளியிட்ட ஆக்சிஜன் எதிர்முனையைச் சென்றடைந்து, மின்னேறிய கிராஃபைட்டோடு வினைபுரிந்ததே வெப்பத்துக்குக் காரணம். பின்னர் 2020இல் வெளியான இன்னோர் ஆய்வு, உங்கள் தலைப்போடு நேரடியாகத் தொடர்புடையது. செறிவூட்டிய, தீப்பற்றாத மின்பகுளியை நிரப்பிய மின்கலங்களும் தெர்மல் ரன்அவேக்கு உள்ளாயின. ஏனெனில், அந்த உப்பே மின்னேறிய கிராஃபைட்டோடு வினைபுரிந்து வெப்பத்தை வெளியிட்டது. திரவத்தில் நனைத்த திரிக்குத் தீக்குச்சியைக் காட்டி, எரியவில்லை என்று படம் பிடித்துக் கட்டுரையில் போடும் வழக்கம் இத்துறையில் உண்டு. அந்தப் படம் திரவத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மின்கலத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆய்வேட்டில் அதைச் சேர்ப்பதானால், முழுமையாக மின்னேற்றிய இரு முனைகளோடும் அதே திரவம் சூட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்னும் அளவீட்டை அதன் பக்கத்திலேயே வையுங்கள்.

கேள்வி: திரவமே இல்லாத திண்மப் பேட்டரி வந்துவிட்டால் இந்தக் கவலைகள் இரா என்கிறார்களே?

கவலைகள் குறையும், இடம் மாறும். ராமசாமி முருகன், வெங்கடராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர் ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட கார்னெட் வகை லித்தியம்-லாந்தனம்-சிர்கோனியம் ஆக்சைடு இத்துறையின் திருப்பங்களுள் ஒன்று. அது எரியாத பீங்கான், லித்தியம் அயனிகளையும் நன்றாகக் கடத்துகிறது. 2011இல் ரியோஜி கன்னோ குழுவினர் கண்டறிந்த சல்ஃபைடு வகைப் பொருள், திரவ மின்பகுளிக்கு இணையாகவே அயனிகளைக் கடத்துகிறது. ஆனால் சல்ஃபைடுகள் ஈரக்காற்று பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயுவை வெளிவிடும். கடினமான கார்னெட் பீங்கானிலோ, படிக மணிகளின் எல்லைகளிலும் நுண்வெடிப்புகளிலும் லித்தியம் ஊடுருவி வளர்ந்து மறுபக்கம் வந்துவிடுகிறது. மேலும் திண்மப் பேட்டரியின் முழுப் பயனையும் பெற எதிர்முனையில் லித்தியம் உலோகத்தை வைக்க வேண்டியிருக்கிறது. யோஷினோ வெளியேற்றிய பொருளை மீண்டும் உள்ளே அழைப்பதாகும் அது. சூடான நிலையில் இந்தப் பொருள்கள் ஒன்றோடொன்று எப்படி வினைபுரிகின்றன என்பதில், முனைவர் பட்டத்துக்குரிய வேலை நிறையவே இருக்கிறது.

கேள்வி: இரும்பு பாஸ்பேட் பேட்டரி வெடிக்கவே வெடிக்காது என்பது உண்மையா?

இல்லை. 1997இல் குட்இனஃப் குழு அறிமுகப்படுத்திய இந்த நேர்முனைப் பொருளில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு வலுவாகப் பிணைந்திருப்பதால் எளிதில் வெளியேறாது. அதனால் வெப்பம் மெதுவாகவும் குறைவாகவும் எழுகிறது. ஆயினும் உள்ளே இருக்கும் திரவம் அதே எரியும் திரவம்தான். அதிலிருந்து வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜனும் இருப்பதால், மூடிய அறையில் அது தேங்கினால் ஒரு பொறி போதும்.

கேள்வி: விரைவாக மின்னேற்றுவதும் குளிரில் மின்னேற்றுவதும் ஆபத்து என்கிறார்கள். மின்கலத்தைத் திறந்து பார்த்தால் அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியுமா? (இயற்பியல் இளங்கலை மாணவர் ஒருவர்)

தெரியும், பல நேரங்களில் மிகத் தெளிவாகவே. கிராஃபைட், லித்தியம் உலோகத்தைவிட ஏறத்தாழ 0.1 வோல்ட் மட்டுமே உயர்ந்த மின்னழுத்தத்தில் லித்தியத்தை ஏற்கிறது. அயனிகள் அடுக்குகளுக்குள் நுழையும் வேகத்தைவிட வந்து சேரும் வேகம் கூடினால், அல்லது குளிரால் நுழையும் வேகம் குறைந்தால், அந்தச் சிறு இடைவெளி இல்லாமற்போய் லித்தியம் வெளியிலேயே உலோகமாகப் படியத் தொடங்கும்.

ஆர்கான் வாயு நிரம்பிய, கையுறைகள் பொருத்திய மூடிய பெட்டியான கிளவ் பாக்ஸுக்குள், ஈரப்பதமும் ஆக்சிஜனும் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும் சூழலில், முழுமையாக மின்னேற்றிய மின்கலத்தைப் பிரித்து எதிர்முனையை விரித்தால் அது பொன்னிறமாக மின்னும். லித்தியம் நிரம்பிய கிராஃபைட்டின் நிறம் அது. பாதி நிரம்பிய இடங்கள் செம்பழுப்பாகவும், ஏறக்குறைய வெறுமையான இடங்கள் கருமையாகவும் இருக்கும். தகட்டின் விளிம்பிலோ மடிப்பிலோ சாம்பல் கலந்த வெள்ளி நிறத் திட்டு தென்பட்டால், அங்கே லித்தியம் உலோகமாகப் படிந்திருக்கிறது என்று ஐயுறலாம். முதல் கேள்விக்கான விடையில் 'நல்ல நிலையில் உள்ள' என்று அடைமொழி சேர்த்ததன் காரணமும் இதுவே. மின்னேறிய மின்கலத்தைப் பிரிப்பது பயிற்சி பெற்றவர்கள் தக்க ஆய்வகத்தில் மட்டுமே செய்ய வேண்டியது; பெரும்பாலான ஆய்வகங்களில் முதலில் மின்னிறக்கிவிட்டுத்தான் பிரிக்கிறார்கள்.

கேள்வி: ஆய்வு மாணவர்கள் உண்மையிலேயே பேட்டரிகளை எரித்துப் பார்க்கிறார்களா? இதில் அளவிட என்ன இருக்கிறது?

எரிக்கிறார்கள். ஆனால் எரிவதற்கு முந்தைய மணிநேரங்களே அவர்களுக்கு முக்கியம். வெப்பம் வெளியே கசியாதபடி அமைத்த கலோரிமானி என்னும் வெப்பம் அளக்கும் கருவி ஒன்றில் மின்கலத்தை வைத்துச் சில டிகிரிகள் சூடாக்குவார்கள், காத்திருப்பார்கள், மின்கலம் தானாகச் சூடேறுகிறதா என்று பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 0.02 டிகிரி ஏறினாலே போதும், அது தன்வெப்பமேறலின் தொடக்கமாகக் கொள்ளப்படும். அங்கிருந்து தெர்மல் ரன்அவே தொடங்கும் வரை பல மணிநேரம் ஆகலாம். தொடங்கிய பின் சில நொடிகளே.

ஆணியை உள்ளே செலுத்திப் பார்க்கும் சோதனை பழையது. உட்குறையால் வரும் குறுக்குச்சுற்றை அது சரியாகப் போலச்செய்வதில்லை. இதற்காக அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகமும் நாசாவும் சேர்ந்து, மெழுகுப் படலம் ஒன்றைக் கொண்ட மெல்லிய கருவியை உருவாக்கின. மின்கலத்தைத் தயாரிக்கும்போதே உள்ளே வைத்துவிட்டு, இலேசாகச் சூடாக்கினால் மெழுகு உருகி, விரும்பிய இடத்தில் விரும்பிய வகைக் குறுக்குச்சுற்று ஏற்படும்.

ஒரு முனைவர் பட்ட மாணவரின் வேலை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு டோனல் ஃபினிகன் நல்ல எடுத்துக்காட்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த அவர், பிரான்சின் கிரனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரான் (மிகச் செறிவான எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் துகள்முடுக்கி) நிலையத்தின் அதிவேக எக்ஸ் கதிர்ப் படமெடுப்பைக் கொண்டு, தெர்மல் ரன்அவேக்கு உள்ளாகும் மின்கலத்தின் உட்புறத்தைப் படம்பிடித்த குழுவின் முதன்மை ஆசிரியராக 2015இல் கட்டுரை வெளியிட்டார். உள்ளே செம்பு உருகித் துளிகளாகியிருந்தது அப்படங்களில் தெரிந்தது. செம்பின் உருகுநிலை 1085 டிகிரி. உறையின்மேல் ஒட்டிய வெப்பமானி இதைச் சொல்லியிருக்காது.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் காயின் செல் (நாணய வடிவச் சிறு மின்கலம்) செய்யும் வசதி மட்டுமே உண்டு. நெறியாளர் பாதுகாப்பு பற்றிய தலைப்பை எடுக்கச் சொல்கிறார். இது நடக்கக்கூடியதா? (முனைவர் பட்ட மாணவர் ஒருவர்)

நடக்கும், ஆனால் தலைப்பின் சொற்களை அளந்து வையுங்கள். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள 2032 வகைக் காயின் செல்லில் சில மில்லிகிராம் வினைப்பொருளும், அதற்குத் தேவையைவிடப் பல மடங்கு மின்பகுளியும், இவை அனைத்தையும்விடக் கனமான எஃகு உறையும் இருக்கின்றன. அதில் பிறக்கும் வெப்பத்தை உறையே உறிஞ்சிக்கொள்ளும். தெர்மல் ரன்அவே அங்கே நிகழ வழியில்லை. காயின் செல் ஆயிரம் சுற்று ஓடியது என்பதைக் கொண்டு 'பாதுகாப்பான பேட்டரி' என்று தலைப்பிட்டால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாகத்தான் வரும்.

உங்கள் வசதிக்குள் உருப்படியாகச் செய்யக்கூடியவை உண்டு. காயின் செல்லில் மின்னேற்றிய முனைகளை எடுத்து, மின்பகுளியோடு சேர்த்துச் சிறு கிண்ணத்தில் மூடி, வகையீட்டு வருடு கலோரிமானியில் சூடாக்கினால், எந்த வினை எந்த வெப்பநிலையில் எவ்வளவு வெப்பம் தருகிறது என்பது கிடைக்கும். முனைகளைத் தனித்தனியாக மட்டுமன்றி இரண்டையும் ஒன்றாக வைத்தும் அளவிட மறவாதீர்கள். மேலே சொன்ன சிங்ஹுவா குழுவின் முடிவு அத்தகைய அளவீட்டிலிருந்தே பிறந்தது. மின்பகுளி நிரப்பாத சிறு பை வடிவ மின்கலங்களை விலைக்கு வாங்கி, உங்கள் திரவத்தை நிரப்பி, வேறு நிறுவனத்தின் கலோரிமானியில் சில நாள் நேரம் கேட்டுப் பெறுவது இரண்டாம் ஆண்டுத் திட்டமாக இருக்கட்டும்.

ஒரே தொகுதியில் செய்த மின்கலங்கள்கூட ஒரே வெப்பநிலையில் சிதைவதில்லை. எனவே ஒவ்வொரு நிபந்தனையிலும் பல மின்கலங்களைச் சோதித்து, சராசரியோடு சிதறலையும் எழுதுங்கள். எதிர்பார்ப்புக்கு மாறாக நடந்துகொண்ட மின்கலத்தை அட்டவணையிலிருந்து நீக்காதீர்கள். பாதுகாப்பு ஆய்வில் அந்த ஒன்றுதான் மற்றவற்றைவிட அதிகம் சொல்லக்கூடும். ஆய்வகப் பாதுகாப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஹெக்ஸாஃப்ளுரோபாஸ்பேட் உப்பு ஈரம் பட்டால், தோலை அரிக்கும் நச்சான ஹைட்ரஜன் ஃப்ளுரைடைத் தரும். அதற்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பது உங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: லித்தியம் பேட்டரித் தீயின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று படித்தேன். சரியா?

அந்த எச்சரிக்கை லித்தியம் உலோகத்துக்கு உரியது. லித்தியம்-அயான் பேட்டரியில் முதல் தேவை குளிர்வித்தல். பக்கத்து மின்கலங்களுக்கு வெப்பம் பரவுவதைத் தடுப்பதில் தண்ணீர்தான் நன்றாக உதவுகிறது, ஆனால் மிக அதிக அளவில் தேவைப்படும். அணைந்தது போலத் தோன்றிய பேட்டரி மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில் கழித்தும் மீண்டும் பற்றிக்கொள்ளலாம். எனவே சேதமடைந்த பேட்டரியைக் கட்டடத்துக்கு வெளியே தனித்து வைத்து, தீயணைப்புத் துறையினரிடம் அது லித்தியம்-அயான் பேட்டரி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.